சேதராப்பட்டிலிருந்து கோரிமேடு வரை: கெட்டமைனும் வலியின் முதல் ஒரு மணி நேரமும்

புதுச்சேரியின் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் பிரஸ் மெஷினில் ஒருவருக்குக் கை சிக்கிவிட்டால், கடைசியில் அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய பெரிய அரசு மருத்துவமனை கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர்தான். தூரம் பெரிதில்லை. நெரிசல் இல்லாவிட்டால் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் அடிபட்டவரின் கடிகாரம் வண்டி கிளம்பும்போது ஓடத் தொடங்குவதில்லை. கையை இயந்திரத்திலிருந்து விடுவிக்க வேண்டும், வண்டி வர வேண்டும், வழியில் ஏதேனும் ஒரு கிளினிக்கில் நிறுத்தி ரத்தம் கசியாமல் கட்டுப் போட வேண்டும். புதுச்சேரியும் தமிழ்நாடும் மாறி மாறி வரும் அந்தப் பகுதியில், எந்த 108 ஆம்புலன்ஸ் வருகிறது, எங்கே கொண்டுபோகிறது என்பதுகூட ஒரு கேள்விதான். மருத்துவமனை வந்த பிறகும் பதிவு, எக்ஸ்ரே, எலும்பு டாக்டர் வந்து பார்ப்பது என்று வரிசை நீள்கிறது. இத்தனைக்கும் நடுவில் அவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு டைக்ளோஃபெனாக் ஊசி, மிஞ்சினால் டிரமடால். நசுங்கிய விரல்களுக்கும் முறிந்த தொடை எலும்புக்கும் இவை போதாது என்பது ஊசி போடுபவருக்கே தெரியும். போதுமான அளவுக்கு வலியைக் குறைக்கும் மருந்து ஒன்று நம் அறுவை அரங்குகளில் ஏற்கெனவே இருக்கிறது. கெட்டமைன் என்ற அந்த மருந்தை அவசர சிகிச்சைப் பிரிவுக்கும், பெரிய மருத்துவமனைக்கு முந்தைய கட்டத்துக்கும், பயிற்சியோடும் கண்காணிப்போடும் கொண்டுவர வேண்டும். மயக்க மருந்து நிபுணரின் கையில் மட்டுமே அது இருக்க வேண்டும் என்ற நம் வழக்கத்துக்கு இன்றுள்ள ஆய்வுச் சான்றுகள் துணை நிற்கவில்லை.

கெட்டமைனின் பிறப்பே ஒரு குறையைத் திருத்தும் முயற்சிதான். 1950-களில் அமெரிக்காவின் பார்க்-டேவிஸ் நிறுவனம் ஃபென்சைக்ளிடின் என்ற மயக்க மருந்தை உருவாக்கியது. அது மூச்சை அடக்கவில்லை, ரத்த அழுத்தத்தைக் குறைக்கவில்லை. ஆனால் அறுவை முடிந்து எழுந்த நோயாளிகள் மணிக்கணக்கில் பிதற்றினார்கள். அதன் வேதி அமைப்பை மாற்றிக் குறைந்த நேரம் வேலை செய்யும் ஒன்றைத் தேடியபோது, 1962-ல் கால்வின் ஸ்டீவன்ஸ் கெட்டமைனைத் தயாரித்தார். 1964 ஆகஸ்டில் எட்வர்ட் டொமினோவும் குண்டர் கோர்சனும் மிச்சிகனில் சிறைக் கைதிகளான தன்னார்வலர்களுக்கு அதை முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். (சிறைக் கைதியின் சம்மதம் எவ்வளவு தூரம் சம்மதம் என்ற கேள்வி அன்று யாரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை.) 1970-ல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது, வியட்நாம் போர்க்களத்தில் அது பரவலாகப் புழங்கியது. 1985-லிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவின் தேசியப் பட்டியலிலும் இருக்கிறது.

அது வேலை செய்யும் விதம்தான் இந்த வாதத்தின் அச்சாணி. வலிச் செய்தியை முதுகுத்தண்டிலும் மூளையிலும் பெருக்கிக் கடத்துவதில் குளுட்டமேட் என்ற வேதிப்பொருளுக்கும், அதை ஏற்கும் என்எம்டிஏ ஏற்பிகளுக்கும் பெரும் பங்கு உண்டு. கெட்டமைன் அந்த ஏற்பிகளை அடைக்கிறது. இது 1983-ல் தெளிவாயிற்று. மார்ஃபின் போன்ற ஓபியாய்டுகள் வலியைத் தணிக்கும்போதே மூச்சை இயக்கும் மையத்தையும் மந்தமாக்குகின்றன. ரத்தம் இழந்து நாடி தளர்ந்து கிடப்பவருக்கு அவை ரத்த அழுத்தத்தை மேலும் இறக்கிவிடலாம். கெட்டமைன் கொடுத்தால் பொதுவாக மூச்சு தானாகவே ஓடுகிறது, தொண்டையைக் காக்கும் அனிச்சைச் செயல்கள் பெரிதும் மிஞ்சுகின்றன, நாடியும் ரத்த அழுத்தமும் சற்று ஏறுகின்றன, மூச்சுக் குழல்கள் விரிகின்றன. மின்சாரம் போய்விட்ட ஓர் அறையில், ஆக்சிஜன் சிலிண்டரைக்கூட நம்ப முடியாத இடத்தில், அறுவை செய்ய வேண்டி வந்தால் உலகம் முழுவதும் கை நீளும் மருந்து இதுவாக இருப்பதற்குக் காரணம் இந்தக் குணங்கள்தான். அதுவும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைத் தமிழர்கள் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2009-ல் இலங்கைப் போரின்போது வன்னியில் மயக்க மருந்துக்கு எவ்வளவு கடும் பற்றாக்குறை இருந்தது, அது இல்லாமலே எப்படிக் கை கால்கள் அகற்றப்பட்டன என்பதை 2011-ல் வெளிவந்த ஐ.நா. வல்லுநர் குழுவின் அறிக்கை பதிவு செய்திருக்கிறது.

ஒரே மருந்து, அளவைப் பொறுத்து இரண்டு வேலைகளைச் செய்கிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 முதல் 0.3 மில்லிகிராம் வரை சிரை வழியாகக் கொடுத்தால் அது வலி நிவாரணி. நோயாளி விழித்திருப்பார், பேசுவார், கேட்டதற்குப் பதில் சொல்வார். அதே மருந்தைக் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் கொடுத்தால் ஒரு நிமிடத்துக்குள் அவர் கண் திறந்தபடியே சுற்றத்திலிருந்து துண்டிக்கப்படுகிறார். எலும்பை இழுத்துச் சேர்த்தாலும் அது அவரை எட்டாது. பத்து, இருபது நிமிடத்தில் மீண்டுவிடுவார். சிரை கிடைக்காத குழந்தைக்கு கிலோவுக்கு 4 முதல் 5 மில்லிகிராம் தசையில் போட்டாலே போதும். இந்த இரண்டு அளவுகளுக்கும் இடையில் ஒரு சங்கடமான பகுதி இருக்கிறது. முழு விழிப்பும் இல்லை, முழுத் துண்டிப்பும் இல்லை, பயமும் குழப்பமும் மட்டும் மிஞ்சும். கெட்டமைன் ஒத்துவரவில்லை என்று சொல்லப்படும் அனுபவங்களில் பல இந்த இடைப் பகுதியில் நிகழ்பவை.

கணக்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் இன்னும் தெளியும். இங்கே கிடைக்கும் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் செறிவுள்ள, 10 மில்லிலிட்டர் குப்பி. அறுபது கிலோ எடையுள்ள தொழிலாளிக்கு வலி நிவாரண அளவு 18 மில்லிகிராம், அதாவது 0.36 மில்லிலிட்டர். ஊசிக் குழலின் அடியில் தேங்கும் அந்தத் துளியை நேரடியாக அளந்து எடுப்பது தவறுக்கு வழி. ஒரு மில்லிலிட்டரை எடுத்து சலைன் சேர்த்து 5 மில்லிலிட்டராக்கினால் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் ஆகிறது. 1.8 மில்லிலிட்டர் என்பது எந்த ஸ்டாஃப் நர்ஸும் கண்ணால் சரிபார்க்கக்கூடிய அளவு. அதையும் நேராக ஏற்றாமல் 100 மில்லிலிட்டர் சலைனில் கலந்து 15 நிமிடத்தில் டிரிப்ஸாக இறக்கினால் பக்க விளைவு குறைகிறது. நியூயார்க்கின் புரூக்ளினில் செர்கே மோட்டோவ் குழு 48 பேரிடம் இதைச் சோதித்து 2017-ல் வெளியிட்டது. மருந்தை ஒரே மூச்சில் ஏற்றியவர்களில் 92 விழுக்காட்டினர் எல்லாம் கனவுபோல் இருந்ததாகச் சொன்னார்கள். மெதுவாக இறக்கியவர்களில் அது 54 விழுக்காடு. வலி குறைந்த அளவில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கலக்கும் முறையையும் இறக்கும் வேகத்தையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பதுதான் இதன் பொருள்.

மார்ஃபினோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகள் என்ன சொல்கின்றன? அதே குழு 2015-ல் 90 பேரிடம் நடத்திய ஆய்வில், கெட்டமைன் பெற்றவர்களின் வலி மதிப்பெண் பத்துக்கு 8.6-லிருந்து அரை மணி நேரத்தில் 4.1 ஆனது. மார்ஃபின் பெற்றவர்களுக்கு 8.5-லிருந்து 3.9. இரண்டும் சமம் என்றே சொல்லலாம். ஆனால் புரூக்ளினின் அவசர சிகிச்சைப் பிரிவு சேதராப்பட்டு அல்ல என்று யாரும் சொல்லலாம், சொல்ல வேண்டும். அப்படிச் சொல்பவர்கள் பார்க்க வேண்டியது வியட்நாமின் குவாங் திரி மாகாணத்தை. சாலை மோசமான கிராமப் பகுதி. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே காயமுற்ற 308 பேருக்கு ஒரு பிரிவினருக்குக் கெட்டமைனும் மறு பிரிவினருக்கு மார்ஃபினும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2014-ல் வெளியானது. வலி நிவாரணம் ஏறக்குறைய ஒன்றுதான். வாந்தி மார்ஃபின் பெற்றவர்களில் 19 விழுக்காட்டினருக்கும் கெட்டமைன் பெற்றவர்களில் 5 விழுக்காட்டினருக்கும் வந்தது. பரபரப்பும் பிரமையும் எதிர்த்திசையில் இருந்தன: கெட்டமைனில் 11 விழுக்காடு, மார்ஃபினில் 1.5. மல்லாந்து படுத்து, கழுத்தை அசைக்க முடியாமல் வண்டியில் குலுங்கி வரும் ஒருவருக்கு வாந்தி என்பது மூச்சுக் குழலுக்குள் இறங்கி உயிரைக் குடிக்கக்கூடிய ஆபத்து. பரபரப்பு பார்க்க அச்சமாக இருக்கும், ஆனால் அமைதியாகப் பேசினாலும், தேவைப்பட்டால் சிறிதளவு மிடாசோலம் கொடுத்தாலும் அடங்கும். இரண்டையும் தராசில் வைத்தால் எந்தப் பக்கம் தாழும் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. இங்கிலாந்தில் ஆம்புலன்ஸ் பணியாளர்களைக் கொண்டு நடத்திய பேக்மேன் ஆய்வு, கெட்டமைன் மார்ஃபினைவிட மேலானது என்று காட்டவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். ஆனால் நம் வாதத்துக்கு மேலானது என்ற சான்று தேவையில்லை, நிகரானது என்பதே போதும். மார்ஃபின் எளிதில் கிடைக்காத நாட்டில் நிகரான இன்னொன்று கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான் இங்கே விஷயம்.

வலி நிவாரணத்தைத் தாண்டி இரண்டாவது வேலைக்கு வருவோம். இடம் பெயர்ந்த தோள் மூட்டை ஏற்றுவது, குழந்தையின் முறிந்த முன்கையை நேராக்கி மாவுக்கட்டுப் போடுவது, தீக்காயத்தின் டிரஸ்ஸிங்கை மாற்றுவது எல்லாம் பத்து நிமிட வேலைகள். இவற்றுக்காக அறுவை அரங்கு காலியாகும்வரை, மயக்க டாக்டர் வரும்வரை காத்திருக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு, காத்திருக்காமல் நான்கு பேர் குழந்தையை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. இரண்டாவது வழக்கத்தை எந்தப் புள்ளிவிவரமும் பதிவு செய்வதில்லை. ஆனால் நம் மருத்துவமனைகளின் நடைபாதையில் நின்றவர்களுக்கு அந்த அலறல் தெரியும். அவசர சிகிச்சைப் பிரிவுகளில் கெட்டமைன் பெற்ற 8,282 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டி ஸ்டீவன் கிரீன் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் பெரிய சான்று. மூச்சுத் தொடர்பான சிக்கல்கள் 3.9 விழுக்காட்டினருக்கு வந்தன. குரல்வளை இறுகிக்கொள்ளும் கடுமையான சிக்கல் ஆயிரத்துக்கு மூன்று பேருக்கு. அளவு கூடியபோதும், இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களிடமும், 13 வயதைத் தாண்டியவர்களிடமும் மூச்சுச் சிக்கல் அதிகம். கொடுத்தவர்கள் பெரும்பாலும் அவசர சிகிச்சை மருத்துவர்கள், மயக்க மருந்து நிபுணர்கள் அல்லர். அதே கிரீன் 1999-ல் இன்னொரு தொகுப்பையும் வெளியிட்டார். தவறுதலாக ஐந்து மடங்கிலிருந்து நூறு மடங்குவரை கெட்டமைன் ஏற்றப்பட்ட ஒன்பது குழந்தைகள் அதில் இருந்தார்கள். நெடுநேரம் தூங்கினார்கள், சிலருக்கு மூச்சு தளர்ந்தது, எல்லோரும் பிழைத்தார்கள். தவறை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. தவறு நடந்தாலும் மீள இடம் கொடுக்கும் மருந்துகள் மயக்கவியலில் மிகக் குறைவு. 2018-ல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் சிக்கிய பன்னிரண்டு சிறுவர்களையும் அவர்களுடைய பயிற்சியாளரையும் நீருக்கடியில் வெளியே கொண்டுவர ரிச்சர்ட் ஹாரிஸ் தேர்ந்தெடுத்ததும் கெட்டமைனைத்தான். அவர் மயக்க மருந்து நிபுணர். ஆனால் வழியில் மறுபடி ஊசி போட்டவர்கள், அவர் கற்றுக்கொடுத்தபடி செய்த முக்குளிப்பவர்கள்.

தலைக்காயம் உள்ளவருக்குக் கெட்டமைன் கூடாது என்பது நெடுங்காலமாகப் பாடநூலில் இருந்த தடை. இருசக்கர வண்டி விபத்துகள் நிறைந்த ஊரில் இந்தத் தடை நின்றால், மருந்து பயன்படக்கூடியவர்களில் பெரும் பங்கினர் விலக்கப்படுவார்கள். 1970-களில் சில நோயாளிகளிடம் மண்டைக்குள் அழுத்தம் ஏறியதைக் கண்டு வந்த தடை இது. அவர்களில் பலர் மூளைத் திரவத்தின் ஓட்டம் அடைபட்டவர்கள். அந்த முடிவை எல்லோருக்கும் நீட்டியது தவறு என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. இஸ்ரேலில் பார்-ஜோசஃப் குழு, ஏற்கெனவே மண்டை அழுத்தம் ஏறியிருந்த, செயற்கை சுவாசத்தில் இருந்த 30 குழந்தைகளுக்குக் கெட்டமைன் கொடுத்து அளந்தது. 2009-ல் வெளியான அந்த முடிவின்படி சராசரி அழுத்தம் 25.8 மில்லிமீட்டர் பாதரசத்திலிருந்து 18-ஆகக் குறைந்தது. இன்றைய வழிகாட்டு நெறிகள் தலைக்காயத்தை ஒரு தடையாகவே கருதுவதில்லை. மூன்று மாதத்துக்குக் குறைந்த சிசு, ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர் ஆகிய இரண்டே உறுதியான தடைகளாக எஞ்சியுள்ளன. இதய நோயாளிகளிடம் எச்சரிக்கை வேண்டும். நாடியையும் அழுத்தத்தையும் ஏற்றும் குணம் ரத்தம் இழந்தவருக்கு உதவி, மாரடைப்பு வந்தவருக்கு ஆபத்து.

மயக்க மருந்து நிபுணர்களின் ஆட்சேபம் வலுவானது, அதை ஒதுக்கிவிட முடியாது. குரல்வளை இறுகினால் ஆம்பு பையும் முகமூடியும் வைத்து மூச்சுக் கொடுக்கத் தெரிந்தவர் அருகில் இருக்க வேண்டும். இந்த மருந்துக்கு மாற்று மருந்து இல்லை, உடல் அதைக் கழிக்கும்வரை பொறுத்திருந்து காக்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூச்சுப் பாதையைக் காப்பது என்பது கற்பிக்கக்கூடிய திறமை. ஒரு பட்டத்தின் தனிச்சொத்து அல்ல. இதை நம் அரசே ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. பேறுகால மரணங்களைக் குறைக்க, மயக்க மருந்து நிபுணர் இல்லாத கிராமப்புற மருத்துவமனைகளுக்காக எம்பிபிஎஸ் மருத்துவர்களுக்கு 18 வாரப் பயிற்சி கொடுத்து சிசேரியனுக்கு மயக்கம் கொடுக்க அனுமதித்தது தேசிய ஊரக சுகாதாரத் திட்டம். சிசேரியனுக்குப் பொருந்திய நியாயம் நசுங்கிய கைக்கு ஏன் பொருந்தாது? அதுவும் வலி நிவாரண அளவு, மயக்க அளவில் ஐந்தில் ஒரு பங்குதான்.

போதை என்ற ஆட்சேபம் வேறு வகையானது. கெட்டமைன் கேளிக்கை விடுதிகளில் புழங்குகிறது. பல ஆண்டுகள் அன்றாடம் எடுப்பவர்களின் சிறுநீர்ப்பை சுருங்கிப் புண்ணாவது நன்கு பதிவான உண்மை. இந்தியாவில் தயாரான கெட்டமைன் கடத்தப்பட்டு சென்னை, மும்பை விமான நிலையங்களில் பலமுறை சிக்கியிருக்கிறது. இதனால்தான் 2011 பிப்ரவரியில் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தது, 2013 இறுதியில் மருந்து விதிகளின் அட்டவணை எக்ஸ்-இல் சேர்ந்தது. தனி உரிமம், பூட்டிய இருப்பு, இரண்டு பிரதிகளில் மருந்துச் சீட்டு, ஒன்றை இரண்டு ஆண்டு பாதுகாப்பது என்ற நிபந்தனைகள் வந்தன. இவற்றை எதிர்க்க எனக்குக் காரணம் இல்லை. ஆனால் கட்டுப்பாடு எப்படித் தட்டுப்பாடாக மாறும் என்பதற்கு மார்ஃபின் நம் முன்னால் நிற்கும் பாடம். 1985-ல் அதே சட்டம் வந்தபோது ஆண்டுக்கு ஏறத்தாழ 600 கிலோவாக இருந்த நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு, 1997-ல் 18 கிலோவாகச் சுருங்கியது. உரிமம் வாங்கும் தொல்லைக்குப் பயந்து மருந்தகங்கள் அதை வைப்பதையே விட்டுவிட்டன. புற்றுநோயாளிகள் வலியோடு செத்தார்கள். 2014-ல் சட்டத்தைத் திருத்தியும் அந்த முப்பது ஆண்டுப் பழக்கம் இன்னும் முழுதாக மாறவில்லை. 2015-ல் கெட்டமைனைச் சர்வதேசக் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சீனா ஐ.நா.வில் முயன்றபோது, உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு அதை எதிர்த்தது இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துத்தான். ஏழை நாடுகளில் பாதுகாப்பான அறுவையே நின்றுவிடும் என்றார்கள். முன்மொழிவு தள்ளிவைக்கப்பட்டது. மருத்துவமனை அலமாரியில் பதிவேட்டோடு இருக்கும் பத்து குப்பியும் கடத்தல்காரனின் கிலோக் கணக்குத் தூளும் ஒரே பிரச்சினை அல்ல.

எனக்கு உண்மையிலேயே கவலை தரும் ஆட்சேபம் இன்னொன்று. 2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் அரோரா நகரில் போலீஸார் பிடித்து அமுக்கிவைத்திருந்த 23 வயது கறுப்பின இளைஞருக்கு ஆம்புலன்ஸ் பணியாளர்கள் 500 மில்லிகிராம் கெட்டமைன் தசையில் ஏற்றினார்கள். அவருடைய எடைக்கு அது மிகையான அளவு. அவர் பிழைக்கவில்லை. 2023 டிசம்பரில் அந்தப் பணியாளர்கள் இருவர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அங்கே மருந்து கொடுக்கப்பட்டது வலிக்காக அல்ல, ஒருவரை அடக்குவதற்காக. எடையை மதிப்பிடாமல், மூச்சைக் கவனிக்காமல் கொடுத்தார்கள். லத்தியை நம்பும் காவல் துறை உள்ள நம் நாட்டில் இதை எளிதாகக் கடந்துபோக முடியாது. ஆகவே மருத்துவமனைக்கு வெளியே கெட்டமைன் என்றால் அது வலி நிவாரண அளவு மட்டுமே, வலி இருப்பவருக்கு மட்டுமே, காவலரின் வேண்டுகோளுக்காக ஒருபோதும் இல்லை என்பது நெறியின் முதல் வரியாக இருக்க வேண்டும். முழு மயக்க அளவு, ஆக்சிஜனும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் உறிஞ்சியும் உள்ள அறையில், வேலையைச் செய்பவர் ஒருவர், மூச்சை மட்டும் பார்ப்பவர் இன்னொருவர் என்று இருவர் இருக்கும்போது மட்டுமே.

இதற்கெல்லாம் புதிதாக ஒரு நிறுவனம் கட்ட வேண்டியதில்லை. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்து, 2008-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக ஆன ஜிப்மரில் அவசர சிகிச்சைத் துறையும் மயக்கவியல் துறையும் இருக்கின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம், 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் சாலை விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கும் என்று தமிழ்நாட்டில் நிலைநாட்டியிருக்கிறது. 108-இல் வரும் தொழில்நுட்பர் கட்டுப்பாட்டு மையத்து மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு மருந்து கொடுக்கும் ஏற்பாடும் நடைமுறையில் உள்ளதுதான். புதுச்சேரி சுகாதாரத் துறை செய்ய வேண்டியது மூன்றே காரியங்கள். தொழிற்பேட்டைகளை ஒட்டிய ஆரம்ப சுகாதார நிலையங்களின் மருத்துவர்களையும் செவிலியர்களையும் ஜிப்மரில் பயிற்றுவிக்க வேண்டும். அந்த நிலையங்களுக்குப் பதிவேட்டோடு கெட்டமைன் வழங்க வேண்டும். கொடுத்த ஒவ்வொரு தடவையும் அளவு, எடை, பக்க விளைவு ஆகியவற்றைக் குறித்துவைத்து ஓராண்டுக்குப் பின் வெளியிட வேண்டும். முதலில் சேதராப்பட்டில் தொடங்கிப் பார்க்கட்டும். முடிவுகள் மோசமாக வந்தால் நிறுத்திவிடலாம். கெட்டமைன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்று நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன.